கீழே என்று நான் சொன்னது

அந்தக் கண்ணாடித் தம்ளரில் ஒரு மூக்குப்பொடித் துகள் மிதந்தது. கடுகுத் தோல் அளவுதான் இருக்கும். அவர் தம்ளரை வாயருகே வைத்து மூன்று முறை நீளமாக ஊதினார். மூன்றாவது முறை ஊதும்போது மீசையிலிருந்து அது உதிர்ந்து தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் குடித்தேன். ஒரு நாள் அல்ல, மூன்று நாள், மூன்று தம்ளர். இதை எழுதும்போதுகூட நாக்கின் அடியில் அந்தக் காரம் ஊறுகிறது.

மந்திரவாதி ஊதிக் கொடுத்த தண்ணீராக இருந்தால் கையால் தொட்டிருக்க மாட்டேன். நான் வேலூர் மிஷன் பள்ளியில் படித்தவள். ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அவர், "இது மந்திரம் இல்லம்மா, மேக்னடிசம்" என்றார், உடம்பிலுள்ள காந்த சக்தியாம். அந்த ஒரு வார்த்தைக்கு மரியாதை கொடுத்து ஒரு அந்நிய மனிதரின் எச்சிலைக் குடித்தேன்.

இப்போது என் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் சிலர் என்னிடம் வந்து, மனசு சரியில்லை, தண்ணீர் ஊதிக் கொடுக்கும் அவரிடம் போகலாமா என்று கேட்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவரிடம் போய்த் தூக்கம் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை சில இருக்கின்றன. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கல்யாணமாகித் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் கணவர் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. மூங்கில் தட்டியில் மண் பூசிய வீடு. பாறையை இடிக்கும் ஆலையின் சத்தம் ராப்பகல் ஓயாது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டிலிருந்து காற்று வீசினால் சோற்றில் வெள்ளைத் தூசு படியும், வாயில் நறநறவென்றிருக்கும். இதெல்லாம் பழகிவிட்டது. பேச்சும் பழகிவிட்டது. இந்த ஊரில் 'கீழே' என்றால் தரை அல்ல. 'அவர் கீழே போயிருக்கார்' என்றால் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார் என்று அர்த்தம். 'பையனைக் கீழே விட்டாச்சு' என்றால் பையனைச் சுரங்க வேலைக்கு அனுப்பியாயிற்று என்று அர்த்தம். வந்த மூன்றே மாதத்தில் நானும் அப்படியே பேசத் தொடங்கினேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

எங்கள் வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு பழைய குழி இருக்கிறது. முதன்முதலில் தங்கம் தேடித் தோண்டி, ஒன்றும் அகப்படாமல் கைவிட்டது. சுற்றிலும் இரண்டு வரிசைக் கம்பி. கல்லைப் போட்டால் வெகுநேரம் கழித்துத்தான் தண்ணீரில் விழும் ஒலி கேட்கும். பிள்ளை பிறந்து நான்கு மாதம் இருக்கும். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பியைக் கடக்கும்போது, 'கையை எடு' என்று ஒரு நினைப்பு வந்தது. பேயின் குரல் அல்ல, வேறு யாருடைய குரலும் அல்ல. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று ஞாபகம் வருமே, அப்படிச் சாதாரணமாக, என் குரலிலேயே வந்தது. கையை எடு, அவன் போய்விடுவான்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். மறுநாளும் அந்த நினைப்பு வந்தது. பிறகு குழி இல்லாத இடத்திலும் வந்தது. காலை நீட்டி அவனைப் போட்டுக் குளிப்பாட்டும்போது வந்தது, கிணற்றடியில் வந்தது, ஜெபிக்க முழங்காலில் நின்றபோதும் வந்தது. இப்படி நினைப்பவள் தாயா? கோயில் பாதிரி ஐயரிடம் சொன்னால் சபை முழுக்க என் தலையில் கைவைத்துப் பிசாசை விரட்ட ஜெபிப்பார்கள். கணவரிடம் சொன்னால் நிம்மதியாக எப்படிக் கீழே போவார்? அங்கே கவனம் பிசகினால் மரம் விழும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தேன். அவன் தொடையில் என் நகத்தடம் பதிந்தது. அதைப் பார்த்து, நினைப்பு செயலாகத் தொடங்கிவிட்டது என்று இன்னும் பயந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்கு வருஷக்கணக்காகத் தூக்கமில்லாமல் இருந்து அவரிடம் போய்ச் சரியானது. அவர் ஏதோ ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்தவராம். அதை விட்டுவிட்டு இங்கே கடைவீதிக்குப் பின்னால் சொந்தமாக ஓர் அறை எடுத்துப் பலகை மாட்டியிருந்தார். மனக்கலக்கம், நரம்புத் தளர்ச்சி, காரணமற்ற பயம் ஆகியவை மருந்தின்றிப் பேச்சினாலும் ஸ்பரிசத்தினாலும் குணமாக்கப்படும் என்று பலகை சொன்னது. 'காரணமற்ற பயம்' என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. என்னைப் போல வேறு ஆட்களும் இருப்பதால்தானே பலகையில் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன்.

உள்ளே போகுமுன் நான் கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான். என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் ஆகும், பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்தலாமா, நான் சொல்வது யார் காதுக்குப் போகும் என்று கேட்கவில்லை. ஒரு முழம் பூ வாங்கினால்கூட முகர்ந்து பார்க்கிறோம்.

வெளியே ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அவ்வளவுதான். எனக்கு முன்னால் உள்ளே போயிருந்த ஆள் அழுவது கேட்டது. தன் தம்பியோடு ஒரே ஷிப்டில் இறங்கித் தான் மட்டும் மேலே வந்ததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காதைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் தட்டிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. அந்த ஆள் வெளியே வந்து என்னைப் பார்த்தபோது அவசரமாகப் பழைய இடத்துக்கே நகர்ந்தேன். ஆனாலும் உள்ளே போனபோது, நான் பேசுவதும் இதே தட்டியைத் தாண்டித்தான் போகும் என்று எனக்கு உறைக்கவில்லை.

அக்காவும் கூட வந்தார். அந்த மனிதர் அக்காவை வெளியே உட்காரச் சொன்னார். மூன்றாவது ஆள் இருந்தால் சக்தி சிதறுமாம். அக்கா எழுந்து போனார். நானும் சரி என்றேன்.

எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. அவர் என் இரண்டு கட்டைவிரல்களையும் தம் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்க்கச் சொன்னார். கை ஈரமாக, சூடாக இருந்தது. கார்பாலிக் மருந்து வாடையும் பொடி வாடையும் சேர்ந்து வந்தன. பிறகு முகத்துக்கு முன்னால் மேலிருந்து கீழாகக் கையை வீசினார். நெற்றியில் உள்ளங்கையை அழுத்தினார். என்னைத் தொடப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. கையை எடுத்தபோது என் நெற்றி பிசுபிசுத்தது. முந்தானையால் துடைத்தால் அவர் மனம் நோகுமோ என்று துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து பயம் என்று மட்டும் சொன்னேன். ஊதிய தண்ணீரைக் குடித்தேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தூக்கம்தான் என்னை மறுபடி அங்கே இழுத்துப்போனது.

முதல் நாள் என்னை 'நீங்க' என்றவர் இரண்டாவது நாள் 'நீ' என்றார். நான் கவனித்தேன், சும்மா இருந்தேன். இன்னா பயம்னு சொல்லு, சொன்னாத்தான் சக்தி இறங்கும் என்றார். சொல்ல வேண்டிய வார்த்தை என் வாயில் வரவில்லை. என் பிள்ளையை நானே குழியில் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்ல ஒரு தாயின் நாக்கு எழுமா? அதனால் மெதுவான வார்த்தையாகத் தேடினேன். அந்தக் கம்பி போட்ட இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வருகிறது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ளைய நான் கீழ வுட்டுடுவேனோன்னு பயமா இருக்குங்க."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அதட்டுவார் என்று எதிர்பார்த்த எனக்கு அந்தச் சிரிப்பு ஆறுதலாக இருந்தது.

"இவ்ளோதானா?" என்றார். "இந்த ஊர்ல எல்லாத் தாய்க்கும் இருக்கறதுதான். பாத்துனே இரு, ஒரு நாள் நீயே உன் கையால அவன கீழ வுடுவே. மொதல்ல நெஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் பழகிப்பூடும்."

தம்ளர் என் கையில் இருந்தது. குடித்தேனா கொட்டினேனா என்று ஞாபகமில்லை. குடித்திருக்கிறேன், தம்ளர் காலியாக இருந்தது. படித்தவர், ஆஸ்பத்திரியில் இருந்தவர், என் கண்ணுக்குள் பார்த்தவர் சொல்லிவிட்டார். நான் செய்வேன். என் கையாலேயே செய்வேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய துணியைக் கிழித்து வலது மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினேன். சுளுக்கு, பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்று கணவரிடமும் அக்காவிடமும் சொன்னேன். அக்கா வந்து குளிப்பாட்டினார், தூளியில் போட்டார், எடுத்தார். பால் கொடுக்க மட்டும் தரையில் பாயை விரித்து அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். தரைக்குக் கீழே அவன் விழ இடமில்லை. அவன் கையை நீட்டி என் முகத்தைத் தேடுவான். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். சில நாளில் அவன் அக்காவைப் பார்த்தால் காலை உதைத்துச் சிரிக்கவும், என்னைப் பார்த்தால் வெறுமனே பார்க்கவும் தொடங்கினான். அதுவே நல்லது என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். துணிக்கட்டை அவிழ்க்கப் பயந்து அப்படியே குளித்தேன். அது ஈரத்தில் புளித்து நாறியது.

மூன்றாவது தடவை போனது, இதைத் தடுக்க வழியே கிடையாதா என்று கேட்கத்தான். அவர் உற்சாகமாக இருந்தார். எதுக்குத் தடுக்கணும் என்றார். எவ்ளோ சீக்கிரம் வுடறமோ அவ்ளோ நல்லது, சின்னதுல வுட்டா பயமே தெரியாது என்றார். மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார். விரலில் பொடி ஒட்டியது, அந்த விரலோடு தம்ளரைப் பிடித்தார். நான் அவர் பேச்சை வீடு வரை சுமந்து வந்தேன். கம்பியருகே கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன். கையில் பிள்ளைகூட இல்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை, குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றேன். பக்கத்தில் அக்கா. முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு இரண்டு மகன்கள், இருவருக்கும் சுரங்கத்தில்தான் வேலை.

"இன்னா மேஸ்திரியூட்டம்மா," என்றார், "உன் புள்ளைய கீழ வுடவே மாட்டியாமே? அதுக்கு வைத்தியம் வேற பாக்குறியாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க புள்ளைங்க மட்டும் இன்னா, கீழ போறதுக்குன்னே பொறந்துச்சுங்களா? இன்னும் பல்லு மொளைக்கல, அதுக்குள்ள ஆபீஸ்ல ரைட்டர் வேல பாத்து வெச்சிட்டியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா தம் குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குடத்தைத் தரையில் வைத்தேன். வைத்த பிறகுதான் வெளிச்சமாயிற்று. கீழே. அவர் அந்தக் கீழேயைச் சொல்லியிருக்கிறார். என் மகன் வளர்ந்து தகப்பனைப் போல ஷிப்டுக்குப் போவதற்கு நான் பயப்படுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கம்பி போட்ட இடம் என்றதும், கேஜ் இறங்கும் ஷாப்ட் குழியை நினைத்திருக்கிறார். நானே தினம் பத்துத் தடவை சொல்லும் வார்த்தை. எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? நெஞ்சில் ஒரு கீழே நிறைந்திருந்ததால் ஊரின் கீழே என் காதில் ஏறவில்லை போலும். அல்லது நான் உண்மையான வார்த்தையைச் சொல்லத் துணியாததற்குக் கிடைத்த கூலியோ. இன்னமும் தீர்மானிக்க முடியவில்லை.

முதலில் வந்தது ஆறுதல்தான். அவர் ஆரூடம் சொல்லவில்லை. வெறும் ஆசாமி, தவறாகக் கேட்டிருக்கிறார். அந்த ஆறுதல் ஒரு குடம் நிரம்பும் நேரம்கூட நிற்கவில்லை. நான் அந்த அறையில் தலைகுனிந்து சொன்னது குழாயடி வரைக்கும் வந்திருக்கிறதே. அக்காவைப் பார்த்தேன். "நான் இல்ல," என்றார் அக்கா மெதுவாக. அது உண்மை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

குடத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு நேராக அந்த மனிதரின் அறைக்குப் போனேன். பெஞ்சில் யாரும் இல்லை. நான் சொன்னதை வெளியில் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. என் கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "பேர சொல்லலியேம்மா," என்றார். "சாம்பியன் ரீப்ஸ்ல ஒரு மேஸ்திரி சம்சாரம், வேலூர்ப் பக்கம், மொத புள்ள, அப்டின்னுதான் சொன்னேன். நாலு பேருக்குத் தைரியம் வரணும்ல."

பேரைத் தவிர என்ன மிச்சம் வைத்தார்? நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்றேன். சொன்ன கணமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவர் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் சாய்ந்தார். கண்ணில் ஒரு பசி வந்தது. பெஞ்சில் தட்டிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அப்ப வேற இன்னா சொன்னே?" என்று கேட்டுக்கொண்டே தம்ளரை எடுத்து ஊதத் தொடங்கினார்.

மீசை, பொடி, ஈரமான உதடு, பிறகு அந்தத் தண்ணீர். ஒன்றுமில்லீங்க என்றேன். தம்ளரை வாங்கி வாசலுக்கு வந்து மண்ணில் ஊற்றினேன். தம்ளரைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தேன். சக்தி வீணாகிறது என்று உள்ளேயிருந்து அவர் சொன்னது கேட்டது.

யார் உங்களிடம் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்: உள்ளே போய்ச் சொல்வதானால் அந்தந்தச் சங்கதியை அதனதன் பெயரால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள், திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறதென்றால் அந்த ஆள் உங்களுக்கு ஏற்ற ஆள் இல்லை. இவ்வளவு தெளிவாக எழுதுகிறேனே, அன்றைக்கு எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. ஊதிய தண்ணீரை இனிக் குடிக்க முடியாது, ஆனால் இந்த நினைப்போடு தனியாகவும் இருக்க முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

கணவர் பகல் ஷிப்ட் முடிந்து பிற்பகலில் மேலே வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். பிள்ளை தூளியில் இருந்தான். குழாயடியில் நடந்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். அவன் கீழ போறதுக்கு இன்னும் எத்தினி வருசம் கிடக்குது, இப்பவே இன்னா பயம் என்று சிரித்தார். பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஊர் முழுக்க நம்பிவிட்ட பயம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம்.

"அந்தக் கீழ இல்லீங்க," என்றேன். "அந்தப் பழைய குழில, அவன நானே போட்டுடுவேனோன்னு. கை தவறி இல்ல. நானே."

அவர் கை சோற்றில் நின்றது. முதலில் தூளியைத்தான் பார்த்தார். அதை எழுதாமல் விட முடியாது. அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறகு என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

"கேஜ் வர வரைக்கும் ஓரத்தில நிப்போம்," என்றார். "குனிஞ்சு பாத்தா இருட்டுதான். குதிச்சா இன்னான்னு தோணும். முன்னாடி நிக்கறவன் முதுகுல கைய வெச்சா இன்னான்னும் தோணும். யாரும் சொல்றதில்ல. ஆனா எல்லாம் கம்பியப் புடிச்சினுதான் நிப்பாங்க."

உங்களுக்குமா என்று கேட்டேன். அவர் மிச்சச் சோற்றைத் தின்றார்.

அதனால் நினைப்பு போய்விடவில்லை. அடுத்த சில நாள் அவர் கண் என் கையின்மேலேயே இருந்தது. அது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பத்திரமாகவும் இருந்தது. குழாய்க்குப் போகும்போது அவர் கூட வந்தார். குழி இருக்கும் பக்கமாக அவர் நடந்தார். பிள்ளையை அவரே தூக்கிக்கொண்டார். நான் மணிக்கட்டுத் துணியை அவிழ்க்கவில்லை.

ஒரு நாள் அவர் கீழே போயிருந்தார், அக்கா கடைக்குப் போயிருந்தார். தூளியில் பிள்ளை கத்தினான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் தூக்கி இடுப்பில் வைத்தேன். வாசலில் நின்றால் அந்தக் கம்பி தெரியும். 'கையை எடு' என்றது நினைப்பு. கேட்டது. இடது கையால் அவனை அணைத்துக்கொண்டு, வலது கையால் கதவு நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அழுகையை நிறுத்தி, என் மணிக்கட்டில் தளர்ந்து தொங்கிய துணி நுனியைப் பிடித்து இழுத்தான். பல வாரத்து அழுக்கும் வியர்வையும் ஊறிய துணி. இழுத்து, நேராக வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பத் தொடங்கினான்.

சீ என்று கதவுக் கட்டையை விட்டுவிட்டுத் துணியை அவன் வாயிலிருந்து பிடுங்கினேன், மணிக்கட்டை உதறி முழுக்கக் கழற்றி வாசலில் எறிந்தேன். அடியில் தோல் வெளுத்துச் சுருங்கி, செத்த மீனைப் போல நாறியது. விரலை அவன் வாய்க்குள் விட்டு நூல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஈறு ஈறாகத் துழாவினேன். அவன் கடித்தான். கீழ் ஈற்றில் ஏதோ கூராகக் குத்தியது. பல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். கதவுக் கட்டையை நான் பிடித்திருக்கவில்லை. வாசலைத் தாண்டி வெளியே வந்து நின்றிருந்தேன், கம்பிக்கு எதிரே. அவன் என் இடது கையில்தான் இருந்தான்.